ஆயிரம் எண்ணுதல்

டிக்கோயாவில் மூன்று நாளாக வெயில் இல்லை.
கண்ணாடித் தகடு காயவில்லை.
மேசைவிளக்கின் அடியில் பிடித்துக்
காயவைக்கிறேன்
அமராவதியின் இரத்தத்தை.

வயது முப்பத்தொன்று. மேற்பிரிவு, ஏழாம் இலக்க லயம்.
ஹீமோகுளோபின் ஏழு தசம் இரண்டு.
துண்டில் டாக்டர் கேட்டிருப்பது:
புதுச் செல்கள் எத்தனை?

ஆயிரம் எண்ண வேண்டும்.
கண் வில்லையில், பெருவிரல் பொத்தானில்.
பழையது, பழையது, பழையது,
பழையதுதானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து, பழையது.
உள்ளே நீல நூல் கிடந்தால்
வேறு பொத்தான்.

அந்த நூல்தான் அடையாளம்.
எலும்பு மச்சையை விட்டு இறங்குமுன்
தன் கருவைத் துப்பிவிடுகிறது சிவப்பணு.
இனி அது பிள்ளை பெறாது,
கிழிந்தால் தைத்துக்கொள்ளவும் தெரியாது.
காற்றைச் சுமக்க இடம் வேண்டுமே,
உள்ளே இருந்ததையெல்லாம் காலிசெய்துவிட்டது.
மிச்சம் கொஞ்சம் நூல்.
ஓரிரு நாளில் அதுவும் கரையும்.
பிறகு நூற்றிருபது நாள் சுமை.
பிறகு மண்ணீரலின் இடுக்கில்
நெளிந்து நுழைய முடியாத நாள் ஒன்று.

ஆயிரத்தில் ஆறு.

"ஆறு பேருதானா?" என்றாள் அமராவதி.
செல் என்று நான் சொன்னது
அவளுக்கு ஆளாகிவிட்டது.
"கிலோ கொறஞ்சா எங்களுக்கு அரைப்பேரு மிஸ்.
அதுங்களுக்கு?"
சிரிக்காமல்தான் கேட்டாள்.
நொடிக்கு இருபது லட்சம் பிறக்க வேண்டிய இடம் என்றேன்.
இரும்பு இல்லாமல்
பிரட்டுக்களம் வெறிச்சோடிக் கிடக்கிறது என்றேன்.
குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதீங்க,
தேயிலை இரும்பை உள்ளே விடாது
என்றபோதுதான் சிரித்தாள்.
சிரிப்பு நிற்கக் கொஞ்சம் நேரமானது.

போகிறவள் கதவருகே நின்றாள்.
மூன்று வருசத்துக்கு முன், சின்னவன் பிறந்த ராத்திரி,
கண்டியிலிருந்து வந்து ஏறிய இரண்டு பை இரத்தம்.
பையில் பெயர் இல்லை, இலக்கம்தான்.
"அந்த ஆளு இன்னும் எனக்குள்ள இருக்காருதானே?
வருசா வருசம் கோயில்ல
பேரு தெரியாத ஆளுன்னு சொல்லி
ஒரு தேங்கா ஒடைக்கிறேன்."

நூற்றிருபது நாள்
என்று சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னேன்.
தலைக்கயிறு பதிந்த நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.
"அப்ப போயிட்டாரு."

உட்காருங்க அமராவதி.
மண்ணீரல் உடைப்பதையெல்லாம் எறிந்துவிடாது.
இரும்பைப் பிரித்தெடுத்து
மச்சைக்கே திருப்பி அனுப்பும்.
அடுத்தது அதில்தான் உருவாகும், அதற்கடுத்ததும்.
மாதாமாதம் கொஞ்சம் வெளியே போயிருக்கும்,
அட்டை கொஞ்சம் குடித்திருக்கும்.
மீதி ஒரு துணுக்கு
உங்கள் செல்லுக்குள், உங்கள் பேரில்,
இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பொய் சொல்லவில்லை.
இருக்கலாம் என்றுதான் சொன்னேன்.

பத்தாம் நாள் வரச் சொல்லியிருந்தேன்.
அப்போதுதான் புதியவை கூட்டமாக இறங்கும்.
பத்தாம் நாள் மலையில் கொழுந்து மண்டிக் கிடந்தது,
லீவு இல்லை.
பதினாறாம் நாள் நனைந்த தலையோடு வந்தாள்.
ஆயிரத்தில் இருபத்தேழு.
கூட்டம் நான் பார்க்காமலே கடந்துவிட்டது.
நூலை உதிர்த்துப் பழையவற்றோடு கலந்து
எங்கோ அவள் கெண்டைக்கால் வழியே
மேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன.
எட்டு தசம் ஒன்பது.
துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

தேங்காயைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

குழாயடியில் கை கழுவுகிறேன்.
விரல்நுனி நீலம் சவர்க்காரத்துக்குப் போகாது.
அந்தத் தோல் உதிரும்போது அதோடு போகும்,
ஒரு மாதம்.
அவள் விரலில் கொழுந்துக் கறை, கறுப்பு.
அதுவும் அப்படித்தான் போக வேண்டும்.
ஆனால் அடியிலிருந்து புதுத்தோல்
மேலே வந்து சேருமுன்
காலை ஆறரைக்குப் பிரட்டு.