மூன்றாம் நபர்

பாலிசி அறுபத்திரண்டு பக்கம்.
காப்புத் தொகை நூறு கோடி.
நான் மலையேறியது
ஒரு சில்வர் ஓக் மரத்தையும்
இரண்டு நாள் பாலையும் மதிப்பிட.

பதினான்காவது கொண்டை ஊசியில் பஸ் நின்றது.
ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.
கீழே சேலம்,
மேக்னசைட் வெட்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்,
யாரோ பவுடர் டப்பாவைத் தட்டிவிட்ட மாதிரி.

இருபத்தாறு வருஷமாய் எனக்குத் தெரிந்த மூன்றாம் நபர்
சங்ககிரி லாரிக்குக் குறுக்கே வந்தவர்.
எக்ஸெல்லில் முட்டைத் தட்டு கட்டிக்கொண்டு,
அல்லது பைபாஸில் மாட்டைப் பிடித்துக்கொண்டு.
அவருக்கு ஒரு வயது, ஒரு வருமானம்,
பெருக்குவதற்கு ஓர் எண்.
கோர்ட்டு வராந்தாவில் முடிந்துவிடும்.

இப்போது ராக்கெட்.
சூரமங்கலத்தில் பழைய ஜவ்வரிசிக் கிடங்கில்
எட்டுப் பேர், இரண்டு லேத்து, வாடகை பாக்கி.
ஏவ அனுமதி வேண்டுமென்றால் காப்பீடு வேண்டும்.
காப்பீடு வேண்டுமென்றால் ஒரு தாள் வேண்டும்:
'எதிர்பார்க்கப்படும் உயிரிழப்பு
பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மிகாது.'

பத்தாயிரத்தில் ஒரு பங்கு மனிதர்.
ராத்திரி கால்குலேட்டரை எடுத்துப் பார்த்தேன்.
அறுபது கிலோ ஆளில் ஆறு கிராம்.
முக்கால் பவுன்.

விழுந்தது ராக்கெட் கூட இல்லை.
அதன் மூக்குக் கவசத்தில் ஒரு பாதி.
ஓமலூர்ப் பக்கம் பலூனில் ஏற்றி
மேலிருந்து விட்டுப் பார்த்திருக்கிறார்கள்,
பாராசூட் விரிகிறதா என்று.
விரிந்தது. நன்றாகவே விரிந்தது.
ஆடி மாசத்து மேற்குக் காற்றுக்கு
யாரும் நகல் அனுப்பியிருக்கவில்லை.

நாகலூரில் செங்கம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்.
மரம் ஒன்று. அதில் ஏறியிருந்த மிளகுக் கொடி,
காய்ப்புக்கு வந்து மூன்று வருஷம்.
மாடு மிரண்டு பால் அடக்கிக்கொண்டது, இரண்டு நாள்.
"கோழி ஒண்ணு செத்துச்சு. அது தானாத்தான் செத்துச்சு,
அத எழுதாதீங்க."

கம்பெனியிலிருந்து வந்த தமயந்தி
சேஃப்டி ஷூவோடு மரத்தில் ஏறி
ஆரஞ்சுத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
"அந்தத் துணியாச்சும் எங்களுக்கா?"
இல்லை என்றேன்.
எங்கே விழுந்தாலும் பொருள் அனுப்பியவருடையது.
அந்த மட்டும் சட்டம் தெளிவு.

நாலாம் பக்கம், வரையறைகள்:
'ஏவுதல் என்பது என்ஜின் பற்றிய கணத்திலிருந்து.'
என்ஜின் இல்லை. பற்றவில்லை.
ஆகவே ஏவவில்லை. ஆகவே
நூறு கோடியும் தூங்குகிறது.
தமயந்தி கிளையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்,
அரசாங்கம்தான் பொறுப்பென்று
உலக ஒப்பந்தம் இருக்கிறதே, சார்?
இருக்கிறது, வேற்று நாட்டில் விழுந்தால்.
சொந்த ஜனத்தின் மேல் விழுந்தால்
அந்த ஒப்பந்தம் வாயைத் திறக்காது.

செங்கம்மா காபிப் பழம் அரைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.
"மூணாவது நபர்னு என்னைப் போட்டிருக்கீங்க.
மொதல்ல யாரு?"
கம்பெனி.
"ரெண்டாவது?"
நாங்கள், இன்சூரன்ஸ்.
"விழுந்தது எங் காட்டுல.
நான் மூணாவதா?"

லாரிக் கேஸ்களில் யாரும் கேட்டதில்லை.
அநேகமாய்க் கேட்கிற நிலையில் இருந்ததில்லை.

பதினோராயிரத்து நானூறு என்று போட்டேன்,
மிளகைக் கொஞ்சம் தாராளமாகவே.
'பொறுப்பு' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
'பாலிசிப்படி இல்லை' என்றுதான் எழுத வேண்டும்.
எழுதினேன்.

தமயந்தி தன் கணக்கிலிருந்தே அனுப்புகிறேன் என்றாள்.
டவர் இல்லை.
மூன்று பேரும் மேட்டுக்கு ஏறினோம்.
அவள் போனை வானத்தைப் பார்த்து நீட்டியபடி
பாறைக்குப் பாறை மாறி நின்றாள்.
செங்கம்மா தன் போனை எடுத்து
வந்துவிட்டதா என்று பார்த்தாள்.
சுற்றிக்கொண்டே இருந்தது.

கீழே மாடு கத்தியது.
கறக்கிற நேரம்.