மதகுக் கணக்கு

சட்டைக்கு மேல் பனியன்.
அதற்கும் மேல் இன்னொரு சட்டை.
"குளிருக்கு நல்லதுதானே" என்கிறான் வீபே.
நான் கேட்கவே இல்லை.
காரணங்கள் மட்டும் அவனிடம் இன்னும் தீரவில்லை.

காலையில் எங்கே போயிருந்தாய்?
"மதகுக்கு. ஏழு படகு. ஒன்றில் மணல்."
லெம்மர் மதகை விட்டு அவன் வந்து ஒன்பது வருடம்.
பொய்யில்லை இது என்கிறார் டாக்டர் ஃபெம்கே,
கிழிந்த இடத்தில் மூளை
கைக்குக் கிடைத்த துணியை வைத்துத் தைத்துக்கொள்கிறதாம்.

வைட்டமின் ஊசி போட்டார்கள்.
கண்ணின் ஆட்டம் நின்றது, நடை கொஞ்சம் நேரானது.
மீதியை ஜெனீவர் குடித்தது குடித்ததுதான்.

செவ்வாய்தோறும் காபி போடும் பயிற்சி.
சுவரில் அட்டை:
ஒன்று தண்ணீர், இரண்டு தூள், மூன்று பொத்தான்.
பிழையில்லாமல் உரக்க வாசிக்கிறான்.
வாசித்துவிட்டுக் கரண்டியோடு நிற்கிறான்.
தண்ணீர் தெரியும், தூள் தெரியும்.
எது முதலில் என்று அதட்டுகிற ஒருவன்
எல்லார் தலைக்குள்ளும் இருப்பானே,
அவன் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டான்.

முப்பது வருடம் வரிசையால் பிழைத்தவன் என் அண்ணன்.
மேல்கதவை மூடினால்தான் கீழ்க்கதவு.
நடுவில் நீர் ஏறும், இறங்கும்,
படகுக்காரன் வைதாலும் அவசரப்பட மாட்டான்.

போன மாதம் அங்கே கூட்டிப்போனேன்.
காற்று காதை அறுத்தது.
ஒரு பாய்மரப் படகு காத்து நின்றது.
"இரண்டையும் திறந்துவிடு ஹிஸ்கே,
ஆளை எதற்கு நிற்கவைக்கிறாய்?" என்றான்.
அவனுக்குள் அப்படித்தான் கிடக்கிறது.
அம்மா செத்த வருடமும் இன்று மத்தியானத்துப் பட்டாணி சூப்பும்
ஒரே மட்டத்தில்,
எதையும் தூக்கிவிடாமல், எதையும் இறக்கிவிடாமல்.

அம்மா வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
என் கையெழுத்தை அவன் போட்டான்.
விற்ற பணம் இரண்டு குளிர்காலம் தாங்கியது.
அவனுக்கென்று வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தேன்,
வட்டியோடு.
ஒருநாள் உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.
முகம் வெளுத்துப்போனான்.
"யார் அவன்? சும்மாவா விட்டாய்?"
கழிவறைக்குப் போய்த் திரும்பியவன்
"எப்போது வந்தாய்?" என்றான்.
செய்தவன் இல்லாத ஊரில்
யார் வாசலில் நின்று கத்துவது?

இன்று ஒரு கோப்பை உடைந்தது. என் கை பட்டுத்தான்.
அவன் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினான்.
"என் தப்பு ஹிஸ்கே, மன்னித்துவிடு."
பொறுக்கியதை என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
உள்சட்டைப் பையா, மேல்சட்டைப் பையா, கவனிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "மன்னித்துவிடு."
நீ இல்லை, நான்தான் என்றேன்.
மூன்றாம் முறை மறுக்கவில்லை.
கோப்பைக்குச் சொன்னதை
வீட்டுக் கணக்கில் வரவு வைத்தேன்.
முழுத்தொகை இல்லை. ஏதோ கொஞ்சம்.

பிறகு அவனை அசையாமல் நிற்கச் சொல்லி
இரண்டு சட்டையிலும் கைவிட்டு
சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.