பழகிய கை

புன்டா அரினாஸில் இன்று கடலுக்குத் தடை.
காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்குகிறது.
அடுப்படித் தரையில் கம்பிவலை, குறடு,
ரேடியோ வயரைக் கடித்துத் துண்டாக்கிய முயல்.

மூலைக்கு மூலை முறுக்கினேன்.
அடியில் பலகை. கால் சிக்காது.
உச்சியில் ஒரு புனல் வாயும் வைத்து
நிமிர்ந்தேன்.

யஸ்னா இரண்டு தடவை சுற்றி வந்தாள்.
"உள்ளே விழுந்துடும், சரி.
எப்படி வெளியே வரும்?"

இருபது வருஷமாய்
நண்டு கேட்காத கேள்வி.

புனலைப் பிய்த்து மூடினேன்.
பக்கவாட்டில் கதவு வெட்டும்போது
கம்பி முனை விரலைக் கிழித்தது.
முயல் வந்து முகர்ந்தது,
உப்பை நக்கியது,
யாரும் தள்ளாமலே உள்ளே போய்
முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

கொக்கி மாட்டத்தான்
கை எழவில்லை.
வயரை ஒட்டிக்கொள்ளலாம்.