இரண்டாவது லாக் புக்

கடலைக் குடிதண்ணீராக்கும் ஆலையில்
எனக்கு இரவு வேலை. ஜுபைல்.
மணிக்கொரு தரம் எழுத வேண்டும்:
அழுத்தம், வெப்பம், உப்பளவு.
எழுதாத மணி நடக்காத மணி
என்பார் ஷிப்ட் இன்சார்ஜ் ஷெர் ஜமான்.

மார்ச்சில் ஒருநாள், மூன்று பத்துக்கு,
நெஞ்சுக்குள் ஒரு வால்வு தானாய்த் திறந்துகொண்டது.
திரை முழுக்கப் பச்சை விளக்குகள்.
எனக்கு மட்டும் கை வியர்த்தது.
நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டு
கலிமா சொன்னேன்,
பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து.

ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததற்கு மருந்துண்டா என்று
டாக்டரைக் கேட்கத் தோன்றியது; கேட்கவில்லை.
வெளியே கேம்ப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஆலையில் ஒரு விதி:
அலாரம் அலறினால் உடனே அதன் வாயை அடைக்காதே.
முதலில் நேரத்தைக் குறி.

ஸ்டோரில் கிடந்த பழைய லாக் புக் ஒன்றை
டிபன் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.
அச்சடித்த கட்டங்களை மாற்றவில்லை.
அழுத்தம்: இருக்கிறது.
வெப்பம்: காதுமடல்.
உப்பு: மேலுதடு.
'குறிப்பு' என்ற அகலக் கட்டம்
பத்து நாள் வெறுமனே கிடந்தது.
பம்பைப் பற்றியென்றால் பக்கம் பக்கமாய் வருகிறது.
என்னைப் பற்றியென்றால்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு, சின்னச் சின்னதாய்:

2:40. ரமீஜா பேசினாள். கூரை ஒழுகுவதைச் சொல்லவில்லை.
பின்னால் பாத்திரத்தில் சொட்டு விழுந்தது எனக்குக் கேட்டது.

4:15. ரோடெல் தோளைத் தொட்டான். துள்ளி எழுந்தேன்.
அவன் கையில் இருந்தது டீ.

3:10. காரணம் இல்லை.

எழுதிய பின் பார்த்தால்
'இல்லை'யின் ஐகாரக் கொம்பு இரண்டாய் உடைந்திருந்தது.
கையெழுத்தும் ஒரு மானிதான்.

ஆட்குறைப்புப் பட்டியல் ஒட்டிய வாரம்
இதுதான், இதற்குத்தான் இவ்வளவு நாளும் பயந்தேன் என்று
புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.
ஏழு நாளும் இயல்பு, இயல்பு, இயல்பு.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சிவப்புப் பேனாவோடு பின்னோக்கிப் புரட்டினேன்.
பதினோரு மூச்சுமுட்டல்.
ஒன்பதுக்கு முந்தின கட்டத்தில் அஸ்லம்.

என் மகன். ஏழு வயது. போனில் அவன் சொல்வது:
சாப்ட்டேன். படிச்சேன். ஓதினேன். வச்சிரட்டுமா?
நான் சொல்வது:
நல்லாருக்கேன். இங்க வெயில். சரி, உம்மாகிட்ட குடு.

அத்தாவும் பிள்ளையும் ஆளுக்காள்
ரீடிங் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.
எல்லாம் பச்சை.

வெள்ளிக்கிழமை சொன்னேன்:
நேத்து ராத்திரி அத்தாவுக்குப் பயமா இருந்துச்சு.
சத்தமே இல்லை.
நெட் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.
அப்புறம்: எதுக்கு?
தெரியலடா. எழுதிப் பாத்துக்கிட்டு இருக்கேன்.
கோடு போட்ட நோட்டா, கட்டம் போட்டதா?
கட்டம்.
கணக்கு நோட்டுல யாராச்சும் பயத்தை எழுதுவாங்களா
என்று சிரித்தான். சகரத்தில் காற்று ஒழுகியது.
முன்பல் விழுந்திருக்கிறது.
அதை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை;
நானும் கேட்கவில்லை.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை.
உப்பை நாங்களும் அழிப்பதில்லை;
பிரித்தெடுத்துக் கடலிடமே திருப்பி விடுகிறோம்.
நேற்றும் மூன்று பத்துக்கு வந்தது. குறித்தேன்.
மூன்று இருபத்திரண்டுக்குப் போனது.
வருவதை மட்டும் எழுதிக்கொண்டிருந்தவன்
போவதை எழுதியது நேற்றுதான்.

காலை ஆறுக்கு ஆலைப் புத்தகத்தை
பிஜோயிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.
இந்தப் புத்தகத்தின் அடியிலும்
இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது:
ஒப்படைப்பவர், பொறுப்பேற்பவர்.
இரண்டிலும் நானே போட்டேன்.
இரண்டும் ஒரே மாதிரி இல்லை.