சொத்து எண் 0417

சீட்டைத் தள்ளி எடுத்ததில்
கைக்கு வந்தது பதினாறாயிரத்து நானூறு.
ரிச்சி தெருவில் மதியம் இரண்டு மணி.
மழை பெய்து மாதமாகிறது, ஆனாலும் தரை ஈரம்.
எந்தக் கடை ஏசியோ என் தோளில் சொட்டியது.

"கேம் ஆடவா?" என்றான் மன்சூர்.
ஆட இல்லை. ஆட வீட்டில் கன்சோல் இருக்கிறது,
எதிர் பிளாக்குப் பையன் பன்னிரண்டாவது போனதும்
அவன் அம்மா கோபத்தில் பாதி விலைக்குத் தந்தது.
இது, நான் ஆடுவதை ஊருக்குக் காட்ட.
படத்தை வாங்கிச் சுருக்கி இணையத்தில் தள்ளினால் போதும்.
"அப்ப கிராஃபிக்ஸ் கார்டுல காசப் போடாத," என்றான்,
"புராசஸருக்குள்ளயே அந்த வேலைக்கு ஆள் இருக்கு."
விற்கிறவன் வாயில் வருகிற பேச்சா இது?
அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பெருங்குடியில் மூடிப்போன கால் சென்டரின் பெட்டி.
நெற்றியில் ஸ்டிக்கர்: சொத்து எண் 0417.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.
பக்கத் தகட்டைக் கழற்றினால்
உள்பக்கம் ஒரு மெரூன் பொட்டு ஒட்டியிருந்தது.
எப்படிப் போனது அங்கே?
மன்சூருக்கும் தெரியவில்லை.
அதை நான் சுரண்டவில்லை.

ராம் இரண்டு, இரண்டும் வேறு கம்பெனி,
ஒத்துப்போகும் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.
எஸ்எஸ்டி மட்டும் புதுசு.
கேப்சர் கார்டு, பேர் ஊர் இல்லாத வெள்ளை டப்பா, ஆயிரத்து நூற்றைம்பது.
மிச்சத்தில் ஒரு மைக்,
அதற்கும் மிச்சத்தில் ஒரு லெமன் சோடா.
வியாசர்பாடி வரைக்கும் ஷேர் ஆட்டோவில்
மடியில் 0417,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் அதன்மேல் கவிழ்ந்துகொண்டு.

எல்லாம் சேர்த்தேன். எல்லாம் எரிந்தது.
திரை மட்டும் கறுப்பு.
பகலெல்லாம் லேபில் அடுத்தவர் ரத்தத்துக்குப் பெயர் ஒட்டிவிட்டு
ராத்திரி வந்து கேபிளை மாற்றி மாற்றிக் குத்தினேன்.
மூன்று ராத்திரி.
நாலாம் நாள் போனில் மன்சூர்
எதையோ மென்றுகொண்டே சொன்னான்:
"கன்சோல் செட்டிங்ஸ்ல போ. எச்டிசிபின்னு ஒண்ணு இருக்கும். டிக்க எடு."
எடுத்தேன்.
படம் வந்துவிட்டது.
சந்தோஷத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

அடுத்தது மின்விசிறி.
மைக் என் குரலை விட்டுவிட்டு
அதன் கடகடப்பைப் பிடித்துக்கொண்டது.
மே மாதம். மாடிக்கு மேல் மொட்டை மாடி.
விசிறியை அணைத்துவிட்டு
"வணக்கம், நான் சுகிர்தா" என்றேன்
பார்வையாளர் ஒருவரிடம்.
அந்த ஒருவர், கட்டிலில் கிடந்த என் போன்.

ஒன்பது நாள் அப்படியே போயிற்று.
பத்தாம் நாள் இரண்டு என்று காட்டியது.
கை வழுக்கியது, வேர்வையா பயமா தெரியவில்லை.
என் வீரன் குதிரையில் ஓர் ஏரிக்கரைக்கு வந்திருந்தான்,
கரை தளும்பும் தண்ணீர்,
நிலா அதில் விழுந்து நெளிந்தது.
அப்போது வந்தது முதல் செய்தி, டைகர்77 என்ற பெயரில்:
"லாரி வந்துடுச்சு. உன் கொடத்த தள்ளி வெச்சுட்டாங்க."

கீழே ஓடினேன்.
வரிசையில் பதினாலு பேர், பாதிப் பேர் கையில் போன்.
கோமளா? மீன்பாடி வண்டி ஓட்டும் ஏசுபாதமா?
பல்லில் கிளிப் போட்ட அந்தச் சின்னப் பெண்ணா?
ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.
யாரும் சிரித்துவிடவில்லை.
நாலு குடம், நாலு நடை, இரண்டு மாடி.

திரும்பி வந்து பார்த்தால்
வீரன் ஏரிக்கரையிலேயே நிற்கிறான்,
குதிரை மட்டும் வாலை ஆட்டுகிறது.
பார்வையாளர் ஐந்து.
நான் இருந்தபோது இல்லாத ஐந்து.
மூச்சு வாங்கியதில் வணக்கம் வரவில்லை, இருமல்தான் வந்தது.
ஓரத்தில் புதிதாக ஒரு வரி, டைகர்77:

"ஃபேனப் போடுக்கா. சத்தம் கேட்டா கேக்கட்டும்."