பக்ராத் மகாராஜாவின் மசக்கை

முதலில் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தான்.
மத்தி மீன். அதுவும் தலையோடு.
உனக்கு என்னடா கேடு என்றேன்.
மறுநாள் காலை சமையலறைத் தரையில்
நுரையாய்க் கொஞ்சம் வாந்தி.
முடியை விழுங்கியிருப்பான் என்று துடைத்துப்போட்டேன்.

பத்தூமியில் பிப்ரவரி என்றால் மழைதான்.
துறைமுகச் சுங்க அலுவலகத்தில்
பெட்டகங்களுக்கு முத்திரை குத்துகிறவள் நான்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
கதவு தட்டும் ஓசையிலேயே சொல்லிவிடுவேன்:
ஹேசல் கொட்டை, பழைய டயர், துருக்கிச் சோப்பு.
இருபத்தொரு வருஷம்.
ஒருத்தரும் என்னை ஏய்த்ததில்லை.

சந்தையில் அட்டைப்பெட்டியோடு கொடுத்தவன்
ஆண் குட்டி என்றான்.
பழைய அரசர் ஒருவரின் பெயரை வைத்தேன்.
எங்கள் மொழியில் அவன், அவள், அது
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்,
அதனால்தான் பிழை பிடிபடவில்லை என்று
சாக்குச் சொல்லலாம்.

ஜனவரியில் மூன்று ராத்திரி
தரையில் புரண்டு புரண்டு கத்தினானே,
அப்போதாவது தெரிந்திருக்க வேண்டும்.
நான் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டேன்,
தூக்கம் வந்தால் போதும் என்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை
மகாராஜா ஹீட்டர் முன் மல்லாந்து கிடந்தபோது
வயிற்று மென்மயிரை விலக்கிக்கொண்டு
இரண்டு வரிசை முலைக்காம்புகள்.
ரோஜா நிறம். மாதுளை முத்துபோல் புடைத்து.
நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.
எட்டு.

அழுத்திப் பார்க்காதே, என்றார் டாக்டர் எத்தேரி,
என் கையைத் தட்டிவிட்டு.
அறுபத்தைந்து நாள் கணக்கு.
ஏப்ரல் முதல் வாரம் பார்த்துக்கொள்.
அப்புறம் சிரிக்கத் தொடங்கினார்,
ரசீதில் பெயர் எழுதும்போது.

மார்ச்சில் பசி வந்தது பாருங்கள்.
மத்தி, மத்தியின் முள், என் வெண்ணெய்,
அலுவலகத்துக்குக் கட்டிய பாலாடைக்கட்டி.
வயிறு இருபக்கமும் சேணப்பை தொங்குகிற
கோவேறு கழுதைபோல் ஆயிற்று.
சன்னலுக்குத் தாவுமுன் நின்று யோசித்தாள்.
அதுவரை மடியில் ஏறாதவள்
கழுத்தோடு கழுத்து ஒட்டிக்கொண்டு உறங்கினாள்.
உள்ளங்கைக்குக் கீழே என்னவோ புரண்டது,
கூடைக்குள் எலுமிச்சை உருளுமே, அப்படி.

ஆரஞ்சுப் பெட்டியில் கம்பளி விரித்து வைத்தேன்.
அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.
காலுறை டிராயர், தையல் எந்திரத்தின் அடி,
கணவன் விட்டுப்போன கிட்டார் உறை,
ஒவ்வொன்றாய்ச் சோதித்தாள்,
முத்திரை குத்தாமல் திருப்பியனுப்பினாள்.

ஏப்ரல் நான்கு, இரவு பதினொன்றரை.
பக்ராத்தைக் காணோம்.
மழையில் கொடிக்கம்பி வரை தேடினேன்.
மிச்சம் இருந்தது கீழ்வீட்டு ஜெமால்,
கப்பலில் சமைத்து ஓய்ந்த மனிதர்.
என் பால்கனி அவர் துணிமேல் ஒழுகுகிறது என்று
இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.
அவருடைய செம்பட்டைக் கடுவன்
எங்கள் குழாயைப் பிடித்து ஏறும்,
அதையும் நான் புகாராய் எழுதி ஒட்டியிருந்தேன்.

தட்டுமுன்பே கதவு திறந்தது.
வாயில் விரல் வைத்தார்.
கட்டிலடியில், திறந்த மாலுமிப் பெட்டியில்,
வெள்ளை ஏப்ரன்களின் மேல்
மூன்றாவதை நக்கிக்கொண்டிருந்தாள்.
ஈரமாய், குருட்டுத்தனமாய்,
இரண்டு செம்பட்டைகள் முட்டி முட்டிப் பால் தேடின.

ஆக, சம்பந்தி, என்றார் ஜெமால் மெதுவாக.
எனக்குக் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கண்ணீர்.
அவர் தேநீர் வைத்தார்.
நாலாவது வர ஒரு மணி ஆயிற்று.

அது சாம்பல்.
முழுச் சாம்பல், வாலில் வெள்ளை.
செம்பட்டைக் கடுவன் சன்னலுக்கு வெளியே
நனைந்தபடி உட்கார்ந்திருந்தது.
யார் ஜாடை என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
மேலே என் பால்கனி
சொட்டிக்கொண்டே இருந்தது.