குறிப்பில் ஓர் அவுட்பர்ஸ்ட்

ஐலீன் ஸ்டாதர்ட் மீன் தட்டை எறிந்தது
செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு.
ஹாடக் துண்டுகள் இருபத்திரண்டு.
யார் மேலும் படவில்லை. சுவரில் பட்டன.
கிரிம்ஸ்பித் துறைமுகம், மூன்றாம் கொட்டகை.
பனிக்கட்டி இயந்திரமே ஒரு கணம் நின்றது என்கிறார்கள்.
நிற்கவில்லை. அது நிற்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை.
நான் சம்பளப் பட்டியல் போடுகிறவள்.
விரல் வேகமானது என்பதால்
குறிப்பெடுக்க உட்காரவைத்தார்கள்.

மேலாளர் லேங்ரிட்ஜ் சொன்னார்: அவுட்பர்ஸ்ட்.
தட்டினேன்.
மனிதவளத் துறைப் பெண் சொன்னாள்: டான்ட்ரம்.
ஐம்பத்தாறு வயதுக்காரிக்கு,
கடை வாசலில் மிட்டாய் கேட்டு உருளும்
மூன்று வயதின் சொல்.
தட்டினேன்.
மருத்துவரின் கடிதத்தில் பராக்சிசம்.
கக்குவான் இருமலுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்;
கிரேக்கத்திலிருந்து கோட்டு மாட்டிக்கொண்டு வந்தது.
எழுத்துக்கூட்டிக் கேட்டுத் தட்டினேன்.

போன மாதம் லேங்ரிட்ஜ் கதவை உதைத்தார்.
கதவில் இன்னும் பூட்ஸ் தடம் இருக்கிறது.
அன்றைக்கும் நான்தான் குறிப்பு.
எழுதச் சொன்னது:
'கடுஞ்சொற்கள் பரிமாறப்பட்டன.'
யார் பரிமாறினார்,
யார் இலைக்கு அது விழுந்தது,
வாக்கியத்தில் இல்லை.

இரவில் அகராதியைப் பிரித்தேன்.
உறக்கம் வராதவர்கள் வேறு எதையாவது பிரிப்பார்கள்.

பர்ஸ்ட்: கைதட்டலுக்கு உண்டு,
இயந்திரத் துப்பாக்கிக்கு உண்டு,
ஓடுகிறவனின் கடைசி இருபது கெஜத்துக்கும் உண்டு.
முன்னால் ஓர் அவுட் வந்து நின்றால் மட்டும்
ஆளைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளுகிறது.

ஃபிட்: சிரிப்புக்கு, இருமலுக்கு, ஆத்திரத்துக்கு.
அதே எழுத்துகள்தான்
ஐலீனின் மருத்துவத் தாளிலும்:
வேலைக்கு ஃபிட்.
தோள் எலும்பில் வலி என்று போனவளுக்கு
ஒன்றரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்தது.

கஸ்ட்: காற்றுக்கும் சிரிப்புக்கும் மட்டும் என்றே
நினைத்திருந்தேன். கோபத்துக்கும் ஆகுமாம்.
ஆனால் பழைய நாவல்களில்,
அதுவும் நிலம் வைத்திருக்கும் ஆண்களுக்கு.

பிறகு ஃப்ளேர்-அப்.
அங்கே விரல் நின்றது.

கிளீத்தோர்ப்ஸ் கடற்கரை, ஒரு டிசம்பர்.
எனக்குப் பதினொரு வயது, கையில் சிப்ஸ் பொட்டலம்.
இருட்டில், தண்ணீருக்கு மேலே, சட்டென்று
ஒரு சிவப்பு ஏறியது. தொங்கியது. கரைந்தது.
பின்னால் இன்னொன்று.
ஃப்ளேர், என்றார் பக்கத்தில் நின்றவர்.
அந்தப் படகுக்கு என்ன கொழுப்பு என்று
ஒருவரும் கேட்கவில்லை.
முறையான வழியில் தெரிவித்திருக்கலாமே என்றும்
ஒருவரும் சொல்லவில்லை.
மீட்புப் படகை இறக்கினார்கள்.
சிப்ஸ் ஆறிப்போனது, அதுவும் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை சுத்தப் பிரதி எடுத்தேன்.
அவுட்பர்ஸ்ட் இருந்த இடத்தில்
அவள் கத்தியதையே வைத்தேன்.
மூன்று பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள்,
ஒருவரும் அதைத் திரும்பச் சொல்லவில்லை.
நான்தான் கொட்டகைக்குப் போய்க் கேட்டு வந்தேன்:

'கத்தி மழுங்கிவிட்டது.
ஏழு வாரமாகச் சொல்கிறேன்.
பேட்ரிஷியாவின் கட்டைவிரலைப் பாருங்கள்.
யாராவது பாருங்கள்.'

பிற்பகல் இரண்டு மணிக்குத் தாள் திரும்பி வந்தது.
அந்த நான்கு வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.
ஓரத்தில் லேங்ரிட்ஜின் கையெழுத்து, அழகான கையெழுத்து:
இவ்வளவு விவரம் தேவையில்லை.
ஒரே சொல் போதும்.

எந்தச் சொல் என்று எழுதவில்லை.

மேசையைப் பார்க்கிறேன்.
விசைப்பலகை. ஆறிய தேநீர்.
ஸ்டேப்லர், பழைய காலத்து இரும்பு.
எடுத்துப் பார்க்கிறேன்.
நல்ல கனம்.